மூன்றாவது பெடல்

நாலு மணிக்கு வருவார்கள். இப்போது மூணு இருபது. ஈவா பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், ஏசி நின்றால் எழுந்துவிடுவாள், அதனால் எஞ்சினை ஓடவிட்டு வீட்டு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் வண்டியில், இன்னும் நாற்பது நிமிஷத்துக்கு இது என் வண்டி. திறந்து கிடக்கிற கராஜுக்குள் என் கணவர் டெரின் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார், டேப் கிழிபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஈவாவின் விரல்கள் மட்டும் விரிந்து மூடுகின்றன. ரோட்டோரத்தில் அந்த மோட்டார்ஹோம் நிற்கிறது, உள்ளே கட்டிலும் அடுப்படியும் உள்ள பஸ் மாதிரி, முப்பத்தொரு அடி நீளம், டெரின் அதைக் கப்பல் என்பார், அதன் பின்னால் கட்டி இழுத்துப்போக வாங்கிய சிவப்பு வண்டி அதன் நிழலில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். பிறகு ஒரு வருஷம் கப்பல்தான் வீடு. டெரினுக்கு வேலை லேப்டாப்பில், எங்கிருந்தும் செய்யலாம், எனக்கும் ஈவாவுக்கும் ஜன்னலில் தினம் ஒரு மலை, தினம் ஒரு காடு என்றார், காடு என்று அவர் சொன்னதும் அங்கேயிருந்து ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்றுதான் எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை, கேட்டால் எப்போதும் கெட்டதையே நினைக்கிறாய் என்பார், உண்மைதான், இரண்டு வருஷமாக, ஈவா பிறந்ததிலிருந்து, நான் கெட்டதை மட்டும்தான் நினைக்கிறேன். மடியில் வண்டியின் டைட்டில் பேப்பர் இருக்கிறது. அதில் உரிமையாளர் சகாய பெனிஷா, நான்தான், நான் கையெழுத்துப் போட்டால் இந்த வண்டி கல்லூரிக்குப் போகப்போகும் யாரோ ஒரு பெண்ணுடையதாகிவிடும், அவள் அப்பாவோடு நாலு மணிக்கு வருகிறாள். எங்கே போடவேண்டும் என்று டெரின் பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய குறி ஒன்று உண்டு, வலப்பக்கம் சாய்ந்த சின்னக் கொக்கி, அதன் கீழே ஒரு புள்ளி. மளிகை லிஸ்டிலும் அதே கொக்கிதான், ஈவாவின் தடுப்பூசி அட்டையிலும் அதேதான், கல்யாணத்துக்கு முன் எனக்குப் பார்த்திருந்த வேலைகளின் பட்டியலில்கூட அவர் கொக்கி போட்டு அனுப்பினார், அப்போது அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, எதையும் பார்த்து முடித்துப் புள்ளி வைக்கிற ஆள்.

வண்டியைக் காலி செய்யத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலையை முதலில் கழற்றலாம் என்று கை வைத்து, கழற்றாமல், டாஷ்போர்டைத் திறந்தேன். காய்ந்துபோன துடைப்புத் தாள்கள், ஒற்றைச் சாக்ஸ், வேளாங்கண்ணி மாதா படம், பிப்ரவரி மாத ஆஸ்பத்திரி பார்க்கிங் சீட்டு. அந்தச் சீட்டைத் தொட்டதும் கீழே போட்டுவிட்டேன். எதற்காக இந்த வண்டியை விற்கிறோம் என்பதை டெரின் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார், சாம்பார்க் கரண்டிதான் கப்பல், அதன் பின்னால் ஈவாவின் குட்டி ஸ்பூன். கப்பலை ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர்க் குழாயும் கரண்டும் மாட்டியபிறகு ஒரு பாக்கெட் பால் வாங்க அதைக் கிளப்பிக்கொண்டு போகமுடியாது, அதற்குத்தான் பின்னால் சின்ன வண்டி. ஆனால் எல்லா வண்டியையும் அப்படி இழுக்கமுடியாதாம், எஞ்சின் ஓடாமல் நாலு சக்கரமும் தரையில் உருண்டுகொண்டே போனால் சில வண்டிகளின் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது. உன் வண்டி ஆட்டோமேட்டிக் மக்ளே, ஒரே நாள்ல வெந்து போகும் என்றார். எங்கள் பக்கத்தில் பிரியமாக யாரையும் மக்ளே என்போம், அவர் குரலில் அந்தச் சொல்லுக்கு நான் எப்போதும் இளகிவிடுவேன். வெந்து என்பதைக் கேட்டதும் நான் வேறு எதையும் கேட்கவில்லை. கையால் கியர் போடுகிற வண்டிதான் பத்திரம் என்றார், எனக்குக் கையால் கியர் போடத் தெரியாதே என்றேன், கத்துக்கலாம், அதென்ன மலையைப் பெயர்க்கிற வேலையா என்றார். பிரேக் விஷயத்தில்தான் நான் சண்டை போட்டேன். சின்ன வண்டிதானே, கப்பல் பிரேக்கே ரெண்டையும் நிறுத்தும் என்று அவர் சொல்ல, மலை இறக்கத்தில் முன்னால் போவது நிற்க நினைக்கும்போது பின்னால் வருவது நிற்க நினைக்காவிட்டால் என்ன ஆகும், எங்கள் முதுகில் வந்து ஏறாதா, பின்வண்டிக்குத் தனியாகப் பிரேக் இல்லாமல் என் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்று ஒரு வாரம் நின்றேன். வாழ்க்கையில் ஒரு வாரம் முழுக்க நான் எதிலும் நின்றதில்லை. கடைசியில் அந்த மாதிரிச் சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் பெரிய உடம்பு, சின்னக் குரல், இரண்டு வகை காட்டினார், ஒன்று வண்டியின் பிரேக்கோடு நிரந்தரமாகப் பொருத்திவிடுவது, இன்னொன்று டிரைவர் சீட்டுக்கு முன்னால் காலடியில் வைக்கிற பெட்டி, அதிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு பிரேக் பெடலைக் கவ்விப் பிடித்திருக்கும், கப்பல் வேகம் குறைந்தால் பெட்டிக்குத் தெரியும், உடனே அது மிதிக்கும். பின்வண்டி மிதிக்கிறது என்று காட்டக் கப்பலில் டிரைவருக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். இழுக்கிற கம்பி அறுந்துபோனால், என்று நான் கேட்டேன். அதற்கும் ஒரு மெல்லிய கயிறு இருக்கிறதாம், அறுந்தால் கயிறு ஒரு ஆணியைப் பிடுங்கும், பெட்டி தானே மிதித்து வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும். ஆளே இல்லாத வண்டி. அதற்குள் ஒரு கால். நான் நிரந்தரமானது என்றேன், டெரின் பெட்டி என்றார், பெட்டி போதும் என்று முடிந்தது, எப்படியோ பிரேக் வந்தது, அன்று ராத்திரி ஜெயித்த சந்தோஷத்தில் தூக்கம்கூட வந்தது. கிளம்பும்போது கடைக்காரர் என்னிடம் நீங்கள் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதும், கண்ணாடி வழியே இந்த நீல வண்டியைக் காட்டியதும், அதுவே நன்றாகப் பின்னால் வருமே என்று அவர் சொன்னதும், டெரின் என் முதுகில் கை வைத்து, ஈவாவுக்குப் பசிக்குது போலாம் என்றதும் இப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வருகிறது. ஈவா அப்போதுதான் ஒரு முழு வாழைப்பழம் தின்றிருந்தாள்.

டாஷ்போர்டின் அடியில் கிடந்தது வண்டியின் கையேடு. புதுப் பெண்ணுக்குக் கொடுக்கத் துடைத்து வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு, எந்தத் தாளையும் பின்பக்கம் திருப்பாமல் வைக்கமுடியாது. கான்வென்டில் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வில் சமூக அறிவியல் கேள்வித்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமலே எழுதி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இருபத்தைந்து மார்க் போயிற்று, சிஸ்டர் லியோனி வகுப்பு முன்னால் என் தாளைத் தூக்கிப் பிடித்துக் கீழ் ஓரத்தில் இருந்த மூன்று எழுத்தை என்னையே வாசிக்கச் சொன்னார், பி, டி, ஓ, மூன்று முறை, என் பக்கத்தில் உட்காரும் தஸ்னீம் எனக்காக அழுதாள். அன்றிலிருந்து மருந்துப் பாட்டில், பால் டப்பா, கரண்டு பில், சர்ச்சில் கொடுக்கிற பாட்டுத் தாள், எல்லாவற்றுக்கும் பின்பக்கம். இந்தக் கையேட்டை மட்டும் ஆறு வருஷத்தில் ஒருமுறையும் வாசித்ததில்லை. டெரின் வாசித்திருந்தார், அதனால். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினேன், ஒரு பக்கத்தில் மேல்மூலை மடிக்கப்பட்டிருந்தது, மடித்தது திரும்ப நிமிர்த்தப்பட்டிருந்தது, முக்கோணமாக ஒரு கோடு மட்டும் மிச்சம். மோட்டார்ஹோமின் பின்னால் இழுத்தல் என்று தலைப்பு. நாலு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம், ஆட்டோமேட்டிக் உட்பட. கியரை ஒரு தடவை எல்லா இடத்துக்கும் நகர்த்து, நியூட்ரலில் வை, மூன்று நிமிஷம் எஞ்சினை ஓடவிடு, நிறுத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முதல் கட்டத்தில் விடு. அவ்வளவுதான், மூன்று நிமிஷம். ஓரத்தில் பென்சிலில் ஒரு கொக்கி, வலப்பக்கம் சாய்ந்தது. கீழே புள்ளி.

பழைய மாடலுக்கான கையேடாக இருக்கும் என்று அட்டையைப் பார்த்தேன், என் வண்டியின் வருஷம்தான். முதலில் வாசித்துக் குறித்துவிட்டுப் பிறகு வேறு எங்கோ கூடாது என்று கண்டுபிடித்திருப்பார், அப்படியென்றால் கொக்கியை அழித்திருப்பார், தப்பான கொக்கியை வைத்துக்கொண்டு அவருக்குத் தூக்கம் வராது. சிவப்பு வண்டிமேல் ஆசையாக இருந்திருக்கும், ஆசைப்படட்டும், ஆசை என்று சொல்லியிருந்தால் நானே சரி என்றிருப்பேன், நான் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்தேன். இது ஆசை இல்லை. மார்ச் மாதம். என்னைக் கேட்காமலே வீட்டைக் காலி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்த அன்று நான் ஈவாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இந்த வண்டியில் மூன்று மணி நேரம் ஓட்டி தஸ்னீம் வீட்டுக்குப் போனேன், அவளும் இந்த நாட்டுக்குத்தான் கட்டிவந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும், ஏட்டி, நீயா ஓட்டிட்டு வந்த, என்றுதான் கேட்டாள், வேறு எதையும் கேட்காமல் ஈவாவுக்குச் சோறு பிசைந்தாள். இரண்டு ராத்திரி. டெரின் போனில் கத்தவில்லை, வா மக்ளே, ஒண்ணும் இல்ல, என்றார். திரும்பி வந்தபோது மீன் குழம்பு வைத்திருந்தார், தேங்காய் அரைத்து, எங்கள் ஊர் மாதிரியே. நான் தப்பு என் மேல்தான் என்று அழுதேன், சின்ன வயதில் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்லப் பாவமே இல்லாமல் தம்பியின் பென்சிலைத் திருடினேன் என்று இல்லாத பாவத்தைச் சொன்னேனே அதைப்போல, கேட்டதற்கு மேலேயும் சொல்லி அழுதேன். அவர் தலையைத் தடவினார். மறுநாள் காலையில் வெளியே வந்து பார்த்தால் என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், உள்ளேயும் துடைத்து, போக மட்டும் நூத்தி எண்பத்தாறு மைல் மக்ளே, ஒரே மூச்சுல ஓட்டியிருக்க என்று ஆச்சரியப்பட்டார், பெருமையாகப் பேசுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். மைல் மீட்டரை எதற்குப் பார்த்தார். போவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே கழித்துப் பாதியாக்கமுடியும். பாவத்தைக் கேட்டு முடித்ததும் குருவானவர் ஒரு அபராதம் கொடுப்பார், மூன்று அருள்நிறை மரியே சொல்லு, போ, சமாதானமாய்ப் போ. அன்றைக்கு இவர் ஒன்றும் கொடுக்கவில்லையே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று தஸ்னீமிடம் சொன்னேன். கொடுத்திருக்கிறார். நிழலில் நிற்கிறது, சிவப்பாக, மூன்று பெடலோடு.

மூணு முப்பத்தெட்டு. டேப் சத்தம் நின்றுவிட்டது, தண்ணீர் குடிக்கப் போயிருப்பார். சர்ச் கார்பார்க்கிங்கில் சிவப்பு வண்டியை எனக்குச் சொல்லித்தர இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். இடது காலை மெதுவாக எடு, வலது காலை மெதுவாக அழுத்து, இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கும், அது உனக்கே தெரியும் என்றார், எனக்குத் தெரியவே இல்லை, பதினொரு முறை குலுங்கி நின்றது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஈவா பின்னால் அலறினாள், பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். டெரினுக்குச் சிரிப்பு. அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை, நானாகக் கேட்டதற்கு, உனக்கு இது வராது மக்ளே, விடு, நான் இருக்கேன்லா என்றார். நான் இருக்கேன்லா. எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது, கழுத்தில் போர்வையை இழுத்துப் போர்த்துவதுபோல. பிப்ரவரியில் ஈவாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது அவர் எங்கே இருந்தார், வேலை விஷயமாக வேறு ஊரில், அது அவர் தப்பு இல்லை, அதை நான் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. கண் மேலே சொருகி, உதடு நீலமாகி, இடது கை மட்டும் இழுத்து இழுத்து, ஆம்புலன்சுக்குச் சொன்னால் இருபது நிமிஷம் என்றார்கள், நான் காத்திருக்கவில்லை, தப்போ சரியோ, பிள்ளையைக் கட்டிவைத்து, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கை பின்னால் வளைந்து அவள் பாதத்தைப் பிடித்தபடி, பதினொரு நிமிஷம். பாதம் என் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தவரை உயிர் இருக்கிறது என்று கணக்கு. அந்தப் பதினொரு நிமிஷத்தில் எனக்கு ஒரு கைதான் இருந்தது, ஒரு காலுக்கு மேல் யோசிக்க மண்டையில் இடமில்லை. திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொன்னார், ஐந்து வயது வரை, பயப்படவேண்டாம், வந்தால் கூட்டிவாருங்கள். ஏதோ ஒரு மலையடிவாரத்தில், போன் எடுக்காத இடத்தில், டெரின் நடக்கப் போயிருக்கும்போது வந்தால். கப்பலை என்னால் கிளப்பமுடியாது. சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் காலடியில் அந்தப் பெட்டி, நான் கேட்டு வாங்கிய பெட்டி, அதன் இரும்புக் கையைப் பெடலிலிருந்து விடுவிக்கவேண்டும், விடுவித்தாலும் அந்த இரண்டும் சந்திக்கிற இடம், அது எனக்கே தெரியுமாம், குலுங்கும், நிற்கும், குலுங்கும், நிற்கும், பின்னால் பாதத்தைப் பிடிக்க ஆள் இல்லை. பிரேக்குக்காக ஒரு வாரம் நின்றேனே, அந்த ஒரு வாரமும் டெரின் விட்டுக்கொடுப்பதற்குத் தயாராகத்தான் இருந்திருக்கிறார், அதில் என்னை ஜெயிக்கவிட்டால் வண்டியைப் பற்றி நான் கேட்கமாட்டேன். கேட்கவில்லை. பின்னால் வர்றது தானா யோசிக்கக்கூடாது மக்ளே, முன்னால மிதிச்சா அதுவும் மிதிக்கணும், அதான் சிஸ்டம் என்று குட்டி ஸ்பூனை ஆட்டிக் காட்டினார், நானும் தலையாட்டினேன், ஸ்பூனோடு சேர்ந்து.

டெரின் கராஜிலிருந்து வருகிறார். டேப் சுருளை வளையல்போல மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, பனியன் நனைந்து, முகத்தில் களைப்பும் சந்தோஷமும், அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத்தான் தோன்றுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணாடியில் விரலால் தட்டினார், மெதுவாக, பிள்ளை எழாதபடி. இறக்கினேன்.

“போட்டாச்சா மக்ளே? திருப்பத்துக்கு வந்துட்டாங்களாம், போன் பண்ணினாங்க.”

கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி ஸ்டியரிங் மேல் வைத்தேன். “இந்த வண்டிய இழுக்கலாம்னு இதுல போட்டிருக்கு.”

அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “எப்பம் படிச்ச?”

எங்கே என்று கேட்டிருக்கலாம். அப்படியா என்று கேட்டிருக்கலாம், காட்டு பார்ப்போம் என்று குனிந்திருக்கலாம், ஒரு பொய்க்காகவாவது குனிந்திருக்கலாம், நான் அதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன், எனக்கு என்னைத் தெரியும். எப்பம். அந்தச் சொல்லை வாய் விட்ட பிறகுதான் அவருக்கும் கேட்டிருக்கவேண்டும், கண் ஒருமுறை கப்பல் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு நிறையச் சொன்னார், ஆட்டோமேட்டிக்கை எவ்வளவு தூரத்துக்கு நம்புவது, ஒவ்வொரு இடத்திலும் மூணு நிமிஷம் நீ நின்று பண்ணுவியா, அந்தப் பொண்ணு பாவம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறாள், வாக்குக் கொடுத்தாயிற்று, எல்லாம் மெதுவான குரலில், பிள்ளை தூங்குகிறதே. மார்ச் மாதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் அதைச் சுற்றியே நடந்தார், இருட்டில் கட்டில் இருக்கிற இடம் தெரிந்தவர்கள் நடப்பதுபோல. கடைசியில் ஜன்னல் விளிம்பில் கையை வைத்து, எதுக்கு இப்பம் பயப்படுத, என்றார்.

“நான் இருக்கேன்லா.”

“பிப்ரவரில நீங்க இல்ல.”

இதை நான்தான் சொன்னேன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. குரல் சாதாரணமாக இருந்தது, உப்பு இல்லை என்று சொல்வதுபோல. ஜன்னல் விளிம்பிலிருந்த அவர் கை எடுபட்டது. திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்தது, முன்சீட்டில் ஒரு பெண், முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி என் வண்டியைப் பார்த்தாள், சிரித்தாள், அவளுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு நான் மன்னிப்புச் சொல்லவேண்டும், சொல்வேன், பிறகு. டைட்டில் பேப்பரைக் கொக்கியோடு அந்தப் பக்கத்துக்குள் வைத்துக் கையேட்டை மூடினேன், மாதா படத்தின் மேல் வைத்து டாஷ்போர்டை அடைத்தேன். சாவியத் தா, என்றார் டெரின், சிரித்துக்கொண்டே, வரும் காரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக்கொண்டே. சாவி ஓடுகிற எஞ்சினில் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றினேன். இந்த வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் நகரும், மிதித்தேன், எனக்கு முன்னால் யாரும் மிதிக்கவில்லை, ரிவர்ஸுக்கு நகர்த்தினேன், பின்னால் வெள்ளை விளக்கு எரிந்திருக்கவேண்டும், வெள்ளைக் கார் ரோட்டிலேயே நின்று வழிவிட்டது, டெரின் ஒரு அடி பின்வாங்கினார், அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. ஒரு கையைப் பின்னால் வளைத்தேன். ஈவாவின் பாதம் கிடைத்தது, வெதுவெதுப்பாக, சாக்ஸ் இல்லாமல், துடிக்காமல். தஸ்னீம் வீடா, இந்தத் தெருமுனை வரையிலா, எனக்குத் தெரியவில்லை, இன்னும் கால் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டு பெடல்தான் இதில். இரண்டும் எனக்குத் தெரியும்.